கரிமேட்டு மாப்பிள்ளை வீடு

…காபியைத் தொடவே கூடாது, கொண்டுவந்து வைத்தால் வைக்கட்டும், ‘இப்பதாங்க குடிச்சுட்டு வந்தோம்’ என்று ஒரே ஒரு வாக்கியம், அதைச் சிரித்த முகத்தோடு சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான், இந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பிடித்திருந்தால்தான் காபி, பலகாரம் என்று கை நனைப்பார்கள், நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், எங்களைப் போல வயல் வைத்திருப்பவர்களுக்கும் அதுதான், கடற்கரைக்காரர்களுக்கும் அதுதான். கீர்த்திகாவுக்கும் அது தெரியும், அதனால்தான் காலையில் சண்டை போடாமல், அழாமல், “நீ ஒண்ணும் பேச வேணாம்மா, போய்ப் பாரு, புடிச்சா ஒரு வாய் காபி குடி, புடிக்கலைன்னா எழுந்து வந்துரு, நான் அவனை மறந்துடுறேன்” என்றாள். மறந்துவிடுவாளாம். நான் பெற்றவள், சொன்னால் செய்வாள், அதுதான் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது… தலத்தெருவில் காரில் ஏறும்போதே இவரிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன், ஏங்க, மிக்சர் தட்டைப் பார்த்ததும் கையை நீட்டிடாதீங்க. என் கணவர் சிவசுப்பிரமணியன் சர்க்கார் ஆபீஸில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவர், யார் வீட்டுக்குப் போனாலும் தட்டு காலியான பிறகுதான் எதற்கு வந்தோம் என்றே யோசிப்பார்.

திருமலைராயன்பட்டினம் தாண்டியதும் சாலையின் இரண்டு ஓரமும் கறுத்துவிட்டது. கப்பலில் வந்த நிலக்கரியைக் கொட்டி வைத்த யார்டு இங்கேதான் இருந்ததாம், மூடி ஐந்து வருடமாகிறது, மூடினால் கரி போய்விடுமா, மண்ணில் அப்படியே இருக்கிறது, பனை மட்டையில் இருக்கிறது, லாரி எடை போட்ட மேடையில் ஆடு படுத்திருக்கிறது, அதன் வயிறுகூடக் கறுப்பு, பிறவியிலேயே கறுப்பாடோ என்னவோ, இருக்கட்டும், எனக்கு இன்றைக்கு எல்லாம் கரிதான். வடநாட்டு டிரைவர்களுக்காகப் போட்ட ரொட்டிக் கடை, பூட்டியிருக்கிறது, லாட்ஜ், பூட்டியிருக்கிறது, தூசியை மறிக்கக் கட்டிய பச்சை வலை மட்டும் கிழிந்து ஆடிக்கொண்டிருக்கிறது. இந்த இடத்துக்கு நிஜப் பெயர் என்னவோ, எல்லோரும் கரிமேடு என்கிறார்கள், பத்திரிகையில் அதையா போடுவது, கரிமேடு காலஞ்சென்ற கண்ணையன் அவர்களின் குமாரன் திருவளர்செல்வன் முகிலன்… என் நாத்தனார் பத்திரிகையைத் தூரப் பிடித்துப் படிப்பாள், சிரிக்க மாட்டாள், அதுதான் அவள் வழக்கம். அந்தக் கண்ணையன் யார்டில் கரி இறக்கி இறக்கி நெஞ்சு கெட்டுச் செத்தாராம். அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு இல்லாமலா, நான் என்ன முட்டாளா, என்னோடு படித்த திரிபுரசுந்தரி ஒரு நெஞ்சக சிகிச்சை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறாள், அவளிடம் சொல்லி முகிலன் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று ரகசியமாகப் பார்க்கச் சொன்னேன். ஒன்றுமில்லையாம். ஒன்றுமில்லை என்றதும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது, ஆமாம், இருந்தது, ஏதாவது இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்… சீ, ஊரான் பிள்ளைக்கு நோய் இருக்க வேண்டும் என்றா நினைத்தேன், நினைத்தேன்தான், பெண்ணைப் பெற்றவள் எதைத்தான் நினைக்க மாட்டாள்.

வாசலிலேயே அந்தப் பையன் “வாங்க அத்தை, வாங்க மாமா” என்றான். அத்தையாமே, அதற்குள். கீர்த்திகா வேலை பார்க்கும் பேங்கிலேயே அவனும் இருக்கிறான், ஆள் வாட்டசாட்டமாகத்தான் இருக்கிறான், மூச்சு வாங்கவில்லை, நான் கவனித்தேன். உள்ளே நுழைந்தால் கூடத்தின் குறுக்கே கொடி கட்டித் துணி காயப் போட்டிருக்கிறார்கள், சம்பந்தம் பேச வருகிறார்கள் என்று தெரியும், அதைக்கூட எடுத்து வைக்கவில்லை, கிழக்குப் பக்கத்து ஜன்னல் இரண்டும் சாத்தியிருக்கிறது, அலமாரியில் டம்ளர் எல்லாம் கவிழ்த்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடி… உட்காருவதற்கு முன்னால் யாரும் பார்க்காதபோது நாற்காலியைக் கைக்குட்டையால் ஒரு தேய் தேய்த்தேன். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. வெளியில காயப் போட மாட்டீங்களா என்று கேட்டேன், குத்தலாகத்தான் கேட்டேன். பையனின் அம்மா அமிர்தம், என் வயதுதான் இருக்கும், ஒல்லி, நின்றுகொண்டே பேசுகிறவள், “பழக்கங்க. பதினெட்டு வருசம் வெளிய போட்டதெல்லாம் கறுப்பாத்தான் வந்துச்சு. யார்டை மூடிப்புட்டாங்க, ஆனா கை கேக்க மாட்டேங்குது, உள்ளதான் போடுது” என்றாள். சொல்லிவிட்டுக் கொடியில் தொங்கிய ஒரு வெள்ளைச் சட்டையை இழுத்து நேராக்கினாள். அந்தச் சட்டையின் வெண்மையைப் பார்த்ததும் என் வீட்டுத் துணி ஞாபகம் வந்தது, வேண்டாம், அதெல்லாம் நினைக்க இது நேரமில்லை.

வெயில், மழை, பேங்கில் டிரான்ஸ்பர், எல்லாம் பேசியாயிற்று. காபி வரவில்லை. பத்து நிமிடம் இருக்குமா, கூடவே இருக்கும், அடுப்பங்கரையில் ஒரு சத்தமில்லை, பால் காய்ச்சும் வாசனை இல்லை, இவர் நாலாவது முறையாக அந்தப் பக்கம் பார்க்கிறார், நானும் பார்க்கிறேன், என் வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நிற்கிறது, இப்பதாங்க குடிச்சுட்டு… காபி வந்தால்தானே சொல்ல முடியும். இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடவா, என்ன ஜனங்கள் இவர்கள். அப்போதுதான் அமிர்தம் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“கோவிச்சுக்காதீங்க. அவரு கரி எறக்குனதும் நெஞ்சு போயி செத்ததும் ஊருக்கே தெரியும், நாங்க மறைக்கல. கேட்டிருந்தா எம்புள்ளைய கூட்டிட்டுப் போயி நெஞ்சைப் படம் புடிச்சே காமிச்சிருப்பேன். நீங்க ஆளு வச்சு ஆஸ்பத்திரி நோட்டுல தேடிருக்கீங்க. அங்க கூட்டிப் பெருக்குறது என் அண்ணன் மவதாங்க.” மூச்சு விட்டுக்கொண்டாள். “உங்க பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா நாளைக்கு இவன் சளி புடிச்சு இருமுனாக்கூட நீங்க கணக்குப் பாப்பீங்க. இப்ப தண்ணி குடுத்து நீங்க வாங்கிக் குடிச்சுட்டா எங்களுக்கும் சம்மதம்னு ஆயிரும். அதனாலதான் குடுக்கல.”

முகிலன் “அம்மா” என்றான், அவனுக்கும் இப்போதுதான் தெரிகிறது போலிருக்கிறது, முகம் செத்துவிட்டது. என்ன ஆயிற்று இப்போது, நான் சொல்ல வந்ததை அவள் சொல்லிவிட்டாள், எனக்குத் தொல்லை விட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதானே, காது ஏன் இப்படிச் சுடுகிறது, எங்களை வேண்டாம் என்று சொல்ல இவள் யார், கரிமேட்டுக்காரி, எங்களை… இவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார், “கெளம்புவோமா ராஜம்” என்றார். கிளம்பலாம். வீட்டு வாசலிலேயே கீர்த்திகா நிற்பாள், குடிச்சியாம்மா என்று ஒரு வார்த்தை கேட்பாள், இல்லை என்று நான் சொன்னால் போதும், பொய்கூட இல்லை, சொன்ன சொல்படி மறந்துவிடுவாள், எனக்குப் பிடிக்கவில்லை என்றே நினைத்துக்கொள்வாள். இவர்கள் கொடுக்கவில்லை என்பதை, எதனால் கொடுக்கவில்லை என்பதை, நான் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. நான் சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன் என்பது இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு நன்றாகத் தெரிகிறது.

அதனால்தான் எழுந்திருக்க முடியவில்லை. “கொஞ்சம் உக்காருங்க” என்றேன் இவரிடம். அமிர்தம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.