வேதனைக்கா, வேறெதற்காவதா?

பத்மஜாவுக்கு அந்த ஆராய்ச்சி வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம், அவளுக்குத் தமிழ் தெரியும் என்று எல்லோரும் நம்பியதுதான். அவளும் நம்பினாள். மலையாள தேசத்தில், கரமனை அக்ரஹாரத்தில் பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடம் தொடங்கிப் பட்டம் வாங்கும்வரை மலையாளமும் இங்கிலீஷும். தமிழில் காய்கறி வாங்குவாள், அம்மாவோடு சண்டை போடுவாள். அதற்கு மேல் அந்த மொழிக்கு அவளிடம் வேலை இருந்ததில்லை.

ஆராய்ச்சி, டாக்டர் எழுதித் தரும் வலி மாத்திரைகளை ஜனங்கள் இஷ்டத்துக்கு விழுங்குவதைப் பற்றியது. ஒருமுறை எழுதிய சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கடை கடையாகக் காட்டி மாதக்கணக்கில் வாங்குகிறவர்கள் தம்பானூரைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள் என்று கேள்வி. அதிலும் ஹோட்டல் வேலை, கட்டட வேலை என்று வந்த தமிழ்நாட்டு ஆட்கள். கணக்கெடுத்துக் கட்டுரை எழுதினால் மட்டும் போதாது, தடுக்கவும் வேண்டும் என்பதில் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் மினி கண்டிப்பானவர். உடம்பு வலிக்குச் சாப்பிடுகிறவர்களுக்கு ஓர் அறிவுரைத் தாள் கொடுத்தால் போதும். மனசு தாங்காமல், மறப்பதற்காகச் சாப்பிடுகிறவர் என்று தெரிந்தால் அன்றைக்கே ஆட்டோ பிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். "அவங்களை வீட்டுக்கு விட்டுட்டு வந்தா உயிருக்கு உத்தரவாதம் இல்லை" என்று மினி முதல் நாளே மலையாளத்தில் சொல்லியிருந்தார்.

கேள்வித்தாளைத் தமிழாக்குவதும் பத்மஜாவின் தலையில்தான் விழுந்தது. தட்டுத் தடுமாறிச் செய்துகொண்டு வந்தவளுக்கு முக்கியமான கேள்விக்கு வந்தபோது அப்பாடா என்றிருந்தது. உடம்பு வலிக்கு மலையாளத்தில் 'வேதன', தமிழில் 'வேதனை'. கடைசி எழுத்தில் கொஞ்சம் கைவைத்தால் தீர்ந்தது. 'வேதனைக்கா, வேறெதற்காவதா?' அவள் வீட்டில் பல்லுக்கும் வேதனைதான், முட்டிக்கும் வேதனைதான். இன்னொரு தமிழரிடம் காட்டிக் கேட்கலாமே என்று அந்த ஆபீசில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

செண்பகவல்லி தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிறவள். சங்கரன்கோவில் பக்கம். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த பிறகு பின்கட்டில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பதில் சொன்னாள். பத்மஜாவுக்கு அன்றைக்கு இன்னும் மூன்று நான்கு பேரைப் பார்த்தாக வேண்டும். வெயில் வேறு.

"மாத்திரை யாரு எழுதிக் குடுத்தது அக்கா?"

"எங்க வீட்டுக்காரருக்கு எழுதினது மேடம். அவரு நிறுத்திட்டாரு. அந்தச் சீட்டுலயே நான் வாங்கிக்கிடுதேன்."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"ஆத்துல பாறையில கால் அடிபட்டுட்டு. கல்லாறுல."

"ஓ, டூர் போனேளா? நல்ல வெள்ளம் இருந்திருக்குமே அங்கே."

மலையாள வழக்கில் பத்மஜா தண்ணீரைச் சொன்னாள். செண்பகவல்லி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இருந்துச்சு" என்றாள்.

"சரி. நீங்க இந்த மாத்திரை எதுக்குப் போட்டுக்கறேள்? வேதனைக்கா, வேற எதுக்காவதா?"

செண்பகவல்லி வாளியோடு கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். யாரோ இப்படி நேருக்கு நேராகக் கேட்பதற்காகவே காத்திருந்தவளின் முகம் அது. பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வேதனைக்குத்தான் மேடம்."

"எங்கே வேதனை?"

"எங்கன்னு சொல்ல?"

சிவந்து வீங்கிய அவள் மணிக்கட்டு பத்மஜாவின் கண்ணில் பட்டது. "நாள் முழுக்க இவ்வளவு பெரிய பாத்திரமெல்லாம் தேய்க்கறேள். கை வேதனை எடுக்காம என்ன செய்யும்" என்று அவளே சொல்லி, கை, தோள் என்று அவளே எழுதிக்கொண்டாள். "போட்டா கொறையறதா?"

"அந்த நேரத்துக்கு ஒண்ணும் தெரியாது. தூங்கிருவேன். முழிச்சா மறுபடி அதுதான்." அவள் பத்மஜாவின் கையைப் பிடித்தாள். "ரொம்ப நாளா யாருகிட்டயும் சொல்லல மேடம். நீங்க ஏதாவது வழி பண்ணுவீங்களா?"

"கண்டிப்பா. டாக்டர்கிட்ட சொல்றேன். அடுத்த தடவை வரச்சே பார்க்கறேன்" என்று அறிவுரைத் தாளை அவள் கையில் கொடுத்தாள் பத்மஜா. மனசார, பரிவோடுதான் கொடுத்தாள். அதுதான் கொடுமை.

அடுத்த தடவை அவள் போனபோது ஐப்பசி மழை ஊரைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. பின்கட்டு வாளிமேல் உலகம்மாள் என்ற வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"செண்பகமா? அவ போயி ரொம்ப நாளாச்சே மேடம். மாத்திரையைத் தின்னுட்டுப் படுத்தவ எந்திரிக்கல."

பத்மஜாவுக்கு முதலில் தோன்றியது, தான் எழுதிய தாளில் தப்பில்லை, உடம்பு வலி என்றுதானே அவள் சொன்னாள் என்பது. அப்படித் தோன்றியதற்காகப் பின்னால் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

உலகம்மாள் வழி சொன்னது, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை வீட்டுக்கு. செண்பகவல்லியின் புருஷன் குற்றாலலிங்கம் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். இவள் யாரென்று சொன்னதும் மெல்லத் தலையாட்டினார். என்ன பேசுவதென்று தெரியாமல் பத்மஜா சுவரில் மாட்டியிருந்த பூப்போட்ட ஸ்கூல் பையைப் பார்த்தாள்.

"பொண்ணு பள்ளிக்கூடம் போயிருக்காளா?"

"பொன்செல்வியா? அவளைத்தான் ஆறு கொண்டு போயிட்டே. கல்லாறுல. பிடிக்கப் போயித்தான் எனக்குக் கால் போச்சு. செண்பகம் உங்ககிட்ட சொல்லலையா?"

பத்மஜா இல்லையென்று தலையசைத்தாள்.

"சொன்னேன்னாளே" என்றார் அவர். "வந்ததும் வராததுமா எங்கிட்ட சொன்னா. 'ஒரு பொண்ணு வந்து கேட்டுச்சு, வேதனைக்குத்தான் மாத்திரை போடுதேன்னு மனசு விட்டுச் சொல்லிட்டேன், பெரிய டாக்டர்கிட்ட சொல்லி வழி பண்ணும்'னா. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் நல்லாச் சாப்பிட்டா. வேலையில ஹோட்டல் வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாளாம். நீங்க வருவீங்கன்னு."

அப்போதுதான் அந்தச் சொல் பத்மஜாவுக்குப் புரிந்தது. பல்லும் முட்டியும் இல்லை அது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் சொன்ன வேதனை. அவள் உள்ளதை உள்ளபடி, ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். தாளில் அச்சடித்த சொல்லையே திருப்பிச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு மணிக்கட்டைப் பார்த்தவள் இவள். அன்றைக்கு ஆட்டோ பிடித்திருந்தால் கிளினிக்குக்கு எவ்வளவு தூரம்? பத்து நிமிஷத் தூரம்.

"வேதனைன்னா என்ன வேதனைன்னு நீங்க கேக்கலையாம்மா?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

பொய் சொல்லிவிடலாம். அவள் மறைத்துவிட்டாள் என்று சொன்னால் இந்த மனுஷர் நம்பிவிடுவார். பத்மஜாவுக்கு வாய் வரவில்லை.

"அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே எழுதிட்டேன். கை வலின்னு."

"கை வலியா" என்றார் குற்றாலலிங்கம். கோபம் வந்திருந்தால் தேவலை. அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டு, கணக்கு சரியாக வராதவர்போலத் தலையை அசைத்தார். வெளியே மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

அவர் தலைமாட்டில் பாதி காலியான மாத்திரை அட்டை கிடப்பதைப் பத்மஜா அப்போதுதான் கவனித்தாள். அதே மாத்திரை. அவள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க நிறுத்திட்டதா அக்கா சொன்னாளே."

"அவ இருந்தப்ப நிறுத்தியிருந்தேன்."

"இப்போ எதுக்குப் போட்டுக்கறேள்?"

குற்றாலலிங்கம் அவளையும், அவள் மடியிலிருந்த பேனாவையும் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நீங்களே எழுதிக்கிடுங்கம்மா."