மூன்று இழுப்பு

கானா நாட்டில் கேட்டா என்ற கடலோர ஊருக்குள் நுழையும் சாலையில், காயலைப் பார்த்தபடி நின்ற ஒரு நீலக் கன்டெய்னரில் இரண்டு கடைகள் இருந்தன. நடுவில் பிளைவுட் தடுப்பு. ஒரு பக்கம் அட்சு ஆண்களுக்கு முடி வெட்டினார். மறுபக்கம் எசினாம் பெண்களுக்குச் சடை பின்னினாள். அவருக்கு அறுபத்தாறு வயது, அவளுக்கு இருபத்து மூன்று. இருவருக்கும் காது கேட்காது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், காது கேளாதோர் பள்ளியை முடித்த கையோடு அவள் அந்தப் பாதிக் கடையை வாடகைக்குக் கேட்டு வந்த அன்றே இருவருக்கும் சண்டை வந்தது. அட்சு பள்ளிக்கூடம் போனதில்லை. அவருடைய கைமொழி அவர் வீட்டிலேயே முளைத்தது. தண்ணீர் என்பதற்குக் கழுத்தை மேலிருந்து கீழாகத் தடவுவார்.

"என்ன, தொண்டை வலியா?" என்று கேட்டாள் எசினாம். பிறகு பள்ளியில் படித்தபடி மூன்று விரலை மோவாயில் தட்டிக் காட்டினாள்.

"உனக்கு என்ன, மோவாயில ஈ மொய்க்குதா?" என்றார் அவர்.

அதோடு இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். கைமொழியில் 'நீங்க' கிடையாது, விரலை நீட்டினால் 'நீ'தான். அதனால் நாற்பத்து மூன்று வயது வித்தியாசம் அவர்கள் பேச்சில் எங்கும் இடறவில்லை. மத்தியானம் கென்கி என்ற சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். மீன் தலைக்கு அடிபிடி நடக்கும். ஹோ நகரத்துப் பையன் ஒருவன் அவளை விட்டுப் போனபோது, அம்மாவிடம்கூடச் சொல்லாததை அவள் அட்சுவிடம் சொன்னாள். அவருக்குப் பல் பிடுங்க வேண்டி வந்தபோது, பயந்துபோன அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவள்தான்.

அவர்களுடைய ஈவே ஜனங்களில் இரட்டை ஆண் பிள்ளைகளில் மூத்தவனுக்கு அட்சு, இளையவனுக்கு எட்சே என்றுதான் பேர் வைப்பார்கள். மற்றவர் எங்கே என்று ஒருமுறை கேட்டாள். அவர் உள்ளங்கையை வாயருகே கொண்டுபோய்த் தூசியை ஊதுவதுபோல ஊதினார். போயிட்டான். செத்துவிட்டான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

சடை பின்னும்போது அவள் முதுகு வாசலைப் பார்த்திருக்கும். ஆள் வந்து நிற்பது தெரியாது. அட்சுதான் வழி கண்டுபிடித்தார். தடுப்பில் ஓட்டை போட்டு, தன் நாற்காலிக் கைப்பிடியிலிருந்து அவள் இடது மணிக்கட்டுக்கு மெல்லிய நைலான் கயிறு ஒன்றை இழுத்துக் கட்டினார். ஒரு இழுப்பு என்றால் ஆள் வந்திருக்கிறது. இரண்டு என்றால் சாப்பாடு. மூன்று என்றால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வா.

அந்த மூன்றைத்தான் அவர் பாழாக்கினார். ஆடு யாரோ ஒருத்தர் தொப்பியைத் தின்கிறது, மூன்று இழுப்பு. போலீஸ்காரர் சைக்கிளிலிருந்து விழுந்தார், மூன்று இழுப்பு. அவள் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்து நின்றால் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

"ஒருநாள் உன் கயிற்றாலயே உன்னைக் கட்டிக் காயல்ல போடுறேன் பார்" என்பாள்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு எசினாமின் கடையில் நான்கு பெண்கள் காத்திருந்தார்கள். நாற்காலியில் அஃபிவா டீச்சர். மெல்லிய சடை, பாதித் தலைதான் முடிந்திருந்தது. மணிக்கட்டு மூன்று முறை இழுபட்டது. எசினாம் அசையவில்லை. மறுபடி மூன்று. இந்த மனுஷனுக்கு நேரம் காலமே கிடையாதா என்று, கயிற்றை மணிக்கட்டிலிருந்து அவிழ்த்துச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள். அப்புறம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் தலையைத் திருப்பி, தடுப்பைக் காட்டி ஏதோ கேட்டார். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்கிறார் போல என்று நினைத்த எசினாம், ஒரு விரலைக் காட்டினாள். ஒரு மணி நேரம். டீச்சர் தயங்கினார். பிறகு முன்னே திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அட்சுவை முதலில் பார்த்தது முடி வெட்டிக்கொள்ள வந்த ஒரு மீனவர். நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தார். நெஞ்சடைப்பு என்றார்கள். பக்கத்துக் கடையில் தொம்மென்று ஏதோ விழுந்தது அங்கிருந்த பெண்கள் எல்லாருக்கும் கேட்டது என்று டீச்சர் பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 'நாற்காலியை நகர்த்துகிறாராக்கும் என்று விட்டுவிட்டேன். உன்னிடம் கேட்கத்தான் பார்த்தேன்.' எசினாம் அதைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

அட்சுவின் உடலை ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில் வைத்து, ஜனவரிக் கடைசியில் அடக்கம் என்று முடிவானது. எசினாம் புது வருஷத்துக்கு மறுநாள் கடையைத் திறந்தாள். கயிற்றை அறுத்து எறிந்தாள். ஓட்டையில் காகிதத்தைத் திணித்தாள். அன்று மத்தியானம் ஒரு பெண்ணுக்கு வகிடு எடுத்துக்கொண்டிருந்தபோது மணிக்கட்டு மூன்று முறை இழுபட்டது.

சீப்பைப் போட்டுவிட்டு ஓடினாள். நாற்காலி காலியாக இருந்தது. வடக்கே பாலைவனத்திலிருந்து வீசும் ஹார்மட்டான் காற்று கொண்டுவந்த செம்மண் தூசி அதன்மேல் படிந்திருந்தது.

அதற்கப்புறம் தினமும் இழுபட்டது. சாப்பிடும்போது, குளிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது. ஒவ்வொரு தடவையும் மூன்றுதான். கயிறு இருந்த இடத்தில் தோல் சிவந்து தடித்தது. அவளே சொறிந்திருக்கலாம். அவளுக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காது கேளாதோர் கூடும் வகுப்பறையில், வெல்டிங் வேலை செய்யும் செலோமிடம் சொன்னாள்.

"ஆவியா?" என்றான் அவன். "அட்சு எதுக்கு உன்னைக் கூப்பிடணும்? செத்ததுக்கு அப்புறமும் மீன் தலை கேட்குதா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செலோம் மட்டும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

"என்கிட்ட ஏதோ மறைக்கிற" என்றான்.

"ஒண்ணும் இல்ல" என்றாள். ஆணியைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அடக்கத்துக்கு இரண்டு நாள் முன்பு, வாடிக்கையாளர் யாரும் இல்லாத காலை நேரத்தில் மணிக்கட்டு இழுபட்டது. போகக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கால்கள் கேட்கவில்லை. தடுப்பைச் சுற்றிக்கொண்டு போனாள்.

நாற்காலியில் அட்சு உட்கார்ந்திருந்தார்.

அதே அகன்ற நெற்றி, அதே சரிந்த இடது தோள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மட்டும் அவருடையது இல்லை. எசினாமின் முதுகு கதவில் மோதியது. அந்த மனிதர் எழுந்து நின்று வாயை அசைத்தார். அவள் தலையை ஆட்டி, காதைத் தொட்டுக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்தார். பிறகு கழுத்தை மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவினார்.

தண்ணீர். அந்தச் சைகை உலகத்தில் அட்சு ஒருவருக்குத்தான் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள்.

அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்ததும் அவர் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டார். இரட்டைப் பிள்ளை. எட்சே. இத்தனை வருஷமாகச் செத்துவிட்டதாக அவள் நினைத்திருந்தவர். இருபது வயதில் எல்லை தாண்டி டோகோ நாட்டு லோமேக்குப் போனவர், இதுவரை திரும்பி வரவே இல்லை. அவர் கைகளுக்குச் சின்ன வயதுச் சைகைகள்தான் தெரிந்தன. ஏழு வயதுப் பிள்ளை பேசுவதுபோல இருந்தது.

"நான் போனேன். அவன் வாசல்ல நின்னான். சத்தம் போட்டுக் கூப்பிட்டான். நான் திரும்பல."

"ஏன்?" என்றாள்.

"அவனைப் பார்த்தா நான் போக மாட்டேன்."

எசினாம் கடைசியில் அவரிடம்தான் சொன்னாள். அட்சுவோடு சண்டை போட்டுக் கற்றுக்கொண்ட அந்த வீட்டுச் சைகைகளிலேயே, அவருக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னாள். மூன்று இழுப்பு. மறுபடி மூன்று. கயிற்றை அவிழ்த்தேன். ஆணியில் மாட்டினேன். ஆணியைத் தொட்டுக் காட்ட, அவர் கையைப் பிடித்துத் தன் கடைக்கு அழைத்துப் போனாள்.

எட்சே ஆணியைப் பார்த்தார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. பாவி என்றும் சொல்லவில்லை. "வலிச்சுதா அவனுக்கு?" என்று கேட்டார்.

"தெரியாது."

அவர் தலையசைத்தார். திரும்பப் போய் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைத் தொட்டு மழிப்பதுபோலக் காட்டினார். துக்கத்துக்கு உடன்பிறந்தவர் தலை மழிக்க வேண்டும்.

எசினாம் அதுவரை சவரக்கத்தி பிடித்ததில்லை. அட்சுவின் பெட்டியைத் திறந்து, புது பிளேடைப் பொருத்தி, நுரை போட்டு, நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். பாதித் தலை மழித்திருந்தபோது அவர் உடம்பு அதிர்வது கத்தி வழியாகத் தெரிந்தது. கத்தியை எடுத்துக்கொண்டாள். அவர் வாய் அகலத் திறந்திருந்தது. சாலையில் மீன்கூடையோடு போன பெண்கள் நின்று திரும்பினார்கள். எதிர்ப்பக்கத்து டயர்க் கடைக்காரன் எழுந்து வந்து பார்த்தான். எவ்வளவு சத்தமாக அழுகிறார் என்பது அந்த முகங்களைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு மிச்சத் தலையையும் மழித்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் எட்சே லோமேக்குப் போனார். எசினாம் செலோமிடம் ஆணியைப் பற்றிச் சொன்னாள். அவன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டு இப்போதும் சில நாள் இழுபடுகிறது. அவள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.