கேபிளின் மேல் விழுந்த பழி

மாட்டு டாக்டருக்கு அந்த ஜீப் இல்லாவிட்டால் கையும் ஓடாது, காலும் ஓடாது. மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் பண்ணைகளுக்கு வேறு எந்த வண்டியும் ஏறாது. அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை விற்றுவிடப் போவதாக அவளுடைய அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி அவர் பெயரில் இருந்தது. பள்ளியில் கணக்கு வாத்தியார். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

காரணம் ஹேண்ட்பிரேக். மூன்று வாரத்துக்கு முன் அவர் அதை இழுத்துவிட்டு இறங்கினார். தங்கை எதிரே கேட்டைத் திறந்துகொண்டிருந்தாள். ஜீப் தானாக உருண்டு வந்து கேட்டைச் சாய்த்தது. ஒரு முழம் தள்ளி நின்றதால் அவள் பிழைத்தாள். அதற்குப் பிறகு மனிதர் மூன்று தடவை கேபிளை இறுக்கிவிட்டார். லீவர்தான் கல்லாகிப் போனதே தவிர வண்டி நிற்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அவள் நாலு சக்கரத்துக்கும் கட்டை வைத்தாள்.

"லீவரை விடுங்கண்ணே."

"விட்டா உருளும்."

"கட்டை எதுக்கு இருக்கு? விடுங்க."

அவள் அடியில் புகுந்தாள். பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கைவிட்டுக் கன்றைத் திருப்புகிறவளுக்குக் கிரீஸ் ஒரு பொருட்டா? மற்ற வண்டிகளுக்கு ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தில் பிடிக்கும். இந்தப் பழைய ஜீப்புக்கு அது கியர்பாக்ஸின் பின்னால், பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டின் தலையில் ஒரு டிரம்முக்குள் இருந்தது. அந்த டிரம்மை இதுவரை யாரும் திறந்து பார்க்கவில்லை. வாத்தியார் உட்பட ஊரே கேபிளைத்தான் குற்றம் சொன்னது.

டிரம்மைக் கழற்றியதும் எண்ணெய் வழிந்தது. பிடிக்க வேண்டிய பட்டை இரண்டும் அதில் ஊறிப் பளபளத்தன.

"பாத்தீங்களா? எண்ணெயைத் தடுக்கற கியர்பாக்ஸ் சீல் போயிருக்கு. வியாதி வயித்துல, நீங்க தலைக்குத் தைலம் தேச்சிருக்கீங்க."

அண்ணன் குனிந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. நிமிர்ந்து வீட்டுக்குள் போய்விட்டார். தோற்றுப்போன கோபம் என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டாள்.

புதுச் சீல், புதுப் பட்டை. டிரம்மைத் துடைத்து மாட்டி, பட்டையை நெருக்கும் திருகை, டிரம் சுற்றாமல் இறுகும் வரைக்கும் முறுக்கி, பிறகு இரண்டு சொடுக்கு தளர்த்தினாள். அண்ணன் இறுக்கிய கேபிளையும் பழைய நிலைக்குத் தளர்த்தினாள். சாயங்காலம் தெருவின் செங்குத்தான இறக்கத்தில் தானே மூன்று தடவை நிறுத்திப் பார்த்தாள். நின்றது. அப்புறம்தான் அண்ணனைக் கூப்பிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தாள்.

"கியர்ல போடாதீங்க. ஹேண்ட்பிரேக்கை மட்டும் இழுத்துட்டுக் காலை எடுங்க. ஷாஃப்ட்ல கொஞ்சம் இடைவெளி உண்டு, ஒரு விரக்கடை நகந்துதான் நிக்கும். பயப்படாதீங்க."

சொல்லிவிட்டு வண்டிக்கு முன்னால், பள்ளத்துப் பக்கம் போய் நின்றாள். மூன்று தடவை சோதித்தவளுக்குத் தன் வேலைமேல் அத்தனை நம்பிக்கை.

அண்ணன் லீவரை இழுத்தார். கால் மட்டும் பிரேக் பெடலை விட்டு வரவில்லை.

"காலை எடுங்கண்ணே."

"நீ முதல்ல விலகு."

"நான் விலகினா நீங்க நாளைக்கே வித்துடுவீங்க."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு நான் முழுசா இழுத்தேனா, பாதில விட்டுட்டேனான்னு இன்னும் ஞாபகம் வரல. கண்ணை மூடினா நீ கேட்டுப் பக்கத்துல நிக்கற. இந்த வண்டி கண்ணுலயே படக்கூடாதுன்னுதான் விக்கறேன்னேன்."

மூன்று வாரமாக அவள் இதைப் பிடிவாதம் என்றல்லவா நினைத்திருந்தாள்.

"அண்ணே, அந்த எண்ணெய்ல யார் இழுத்திருந்தாலும் நின்னிருக்காது. உங்க தப்பு இல்ல. காலை எடுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு காலை எடுத்தார். ஜீப் ஒரு விரற்கடை நகர்ந்து, அசையாமல் நின்றது.

கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அவர் இறங்கினார். போனை எடுத்து, மறுநாள் வண்டியை வாங்க வருவதாக இருந்தவரைக் கூப்பிட்டார்.

"வராதீங்க. அது என் தங்கச்சி வண்டி."