ஒரு முழம் கூடுதலாக

வெளிநாட்டில் வந்திறங்கிய விமான நிலையத்து சிம் கடை முன்னால் தையல்காரி நின்ற நிற்பைப் பார்த்தால், அங்கே துணி விற்கிறார்கள் என்றுதான் தோன்றும். கடைக்காரப் பெண் எடுத்து வைத்த மூன்று சிம் அட்டைகளையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தாள். சுற்றுலாவுக்கு இழுத்துவந்த அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"சும்மா பேசற சிம் போதும்டி. ஊரைப் பார்க்க வந்தியா, போனைப் பார்க்க வந்தியா?"

ஊரில் கடைக்குத் தைக்கக் கொடுத்த ஒரு பெண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம். அவள் உடை முடிந்துவிட்டது, கை மட்டும் பாக்கி. அதற்கான லேஸ் துணி தையல்காரி கிளம்புகிற நேரத்தில்தான் வந்து சேர்ந்தது. கடையில் அவள் வெட்டுவாள், புருஷன் தைப்பார். ஆரம்பத்திலிருந்தே அதுதான் ஏற்பாடு. மனுஷன் மிஷினில் உட்கார்ந்தால் புலி. கத்தரியைத் தொட்டால் கை உதறும். வீடியோவில் தான் பார்க்காமல் துணியில் கத்தரி வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். தப்பாக வெட்டினால் மாற்றுத் துணி கிடையாது.

கடைக்காரப் பெண் குறைவான நெட் உள்ள அட்டையை நகர்த்தி ஏதோ சொன்னாள்.

"இந்த நெட்டே உனக்குத் தாராளம்ங்கிறா" என்றாள் அக்கா.

"அளவா வாங்கிட்டு, சுருங்கினா என்ன பண்றது? பெருசையே குடுக்கச் சொல்லுக்கா."

சிம் தட்டைத் திறக்கும் ஊசியைக் கடைக்காரப் பெண் தேடத் தொடங்கினாள். தையல்காரி தன் தோள்பட்டையில் குத்தியிருந்த குண்டூசியை உருவி நீட்டினாள்.

வீடியோ கிடைத்ததும் திரை முழுக்க ஒரு காது. எத்தனை தடவை சொன்னாலும் புருஷன் வீடியோவிலும் போனைக் காதில் வைத்துத்தான் பேசுவார். காதின்மேல் அவளுடைய பென்சில் செருகியிருந்தது. துணியில் கோடு போடும் பென்சில்.

"வெட்டிட்டீங்களா?"

"பொண்ணு வந்து உட்கார்ந்துடுச்சு. நீ பிளேன்ல இருந்தே. நான் என்ன பண்றது?"

"போனைத் திருப்புங்க."

கண்ணாடி முன்னால், லேஸ் கை தைத்து முடித்த உடையில் கல்யாணப் பெண் நின்றிருந்தாள்.

"கையைத் தூக்கும்மா."

பெண் இரண்டு கைகளையும் உயரத் தூக்கினாள். தோளில் எங்கேயும் இழுக்கவில்லை. தையல்காரிக்கு அப்பாடா என்றிருந்தது. நானில்லாமலே முடித்துவிட்டாரே என்று கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

"கை உதறலையா?"

"உதறுச்சு. உதறி முடியட்டும்னு காத்திருந்து வெட்டினேன்."

அக்கா பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். "வேலைதான் முடிஞ்சுடுச்சே. இத்தனை நெட்டை வெச்சுக்கிட்டு என்னடி பண்ணப்போற?"

தையல்காரி வாசலுக்கு வந்து போனை உயர்த்திப் பிடித்தாள். "என்னங்க, ரோடு எவ்வளவு அகலம் பாருங்க!"

"சொல்லு, நல்லாக் கேக்குது" என்றார். திரையில் மறுபடியும் காது.

அவள் சிரித்துக்கொண்டே, அந்தக் காதுக்கும் பென்சிலுக்கும் தெருவை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகக் காட்டினாள்.