பிரிந்து நின்ற டிஸ்க்

"ரெண்டு டிஸ்க் இருக்குல்ல, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் நாரின் மலையூர் வானொலியில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் என்னிடம் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். ஒன்றில் எழுதினால் இன்னொன்றிலும் விழும், வாஸ்தவம். ஒன்றில் அழித்தால்? இன்னொன்றிலும் அழியும்! போன குளிர்காலத்தில் இடம் போதவில்லை என்று இயக்குநர் கெனெஷ்பெக் பழைய பதிவுகளை ஒரேயடியாக அழித்தார். என் கணவர் அஷிம்பெக்கின் குரலும் அதோடு போனது. கணவாய் திறந்திருக்கிறதா என்று மேய்ப்பர்களுக்குத் தினமும் சொன்ன குரல். ஆளைப் புதைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் வீட்டுக்குப் போகவே எனக்குப் பிடிக்கவில்லை.

இன்று காலை பதிவுகள் இருக்கும் கணினி இயந்திரம் திணறியது. பார்த்தால் ஒரு டிஸ்க்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றது போன வருஷம் முதல் பனி விழுந்த வாரமே கழன்றுகொண்டதாம். இயந்திரமும் அன்றாடம் எச்சரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, யார் கவனித்தோம்!

பெட்டியைத் திறந்தேன். கேபிள் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் அழுத்திச் செருகினேன். நல்ல டிஸ்கில் இருப்பதை அதன்மேல் தானாகவே நகலெடுக்கத் தொடங்கியது. ஒரு சதவீதம், இரண்டு சதவீதம்.

அப்போதுதான் உறைத்தது. அடிப்பாவி! அழிப்பதற்கு முன்னாலேயே விலகிப்போன டிஸ்க் அல்லவா இது? அஷிம்பெக் இதில் இருக்கிறார். அவர் மேல்தான் எழுதிக்கொண்டிருக்கிறது!

கேபிளைப் பிடுங்கினேன்.

"என்ன எஜே, செருகினதைப் புடுங்குறீங்க?" கெனெஷ்பெக் வாசலில் நின்றார். என்னைவிட இளையவர், எல்லா அக்காமாரையும் போல என்னையும் எஜே என்பார். "புது டிஸ்க் வாங்கணும்னா பிஷ்கெக் போகணும், கணவாய் மூடிக் கிடக்கு. இதையே சேத்துருங்க. இருக்குற ஒண்ணும் படுத்துச்சுன்னா வானொலியே ஊமையாயிரும்."

"சேக்குறேன். மத்தியானம் வரைக்கும் என்னை விடுப்பா."

"ஒரு ஓட்டை டிஸ்குக்கா இவ்வளவு..."

கிண்ணத்தில் விளிம்பு வரை சாய் ஊற்றி நீட்டினேன். எங்கள் வழக்கத்தில் பாதி ஊற்றினால் இன்னும் இரு என்று அர்த்தம், நிரப்பினால் கிளம்பு.

"விரட்டுறீங்களா? நல்லாருக்கு எஜே!" என்று சிரித்தபடி குடித்துவிட்டுப் போனார்.

டிஸ்கை எதுவும் எழுத முடியாதபடி வேறொரு இயந்திரத்தில் மாட்டினேன். முன்பகுதி நாசம். ஒரு கோப்பின் பெயர்கூட மிஞ்சவில்லை. மிச்சத்தைத் துழாவித் துழாவி ஒலித்துண்டுகளைப் பொறுக்கினேன். இரைச்சல், யாரோ பாடுவது, மறுபடி இரைச்சல். கடைசியில் ஒரே ஒரு துண்டு தேறியது.

"...கணவாய் மூடியிருக்கு. யாரும் கிளம்பாதீங்க." ஓர் இருமல். மைக்கை அணைத்துவிட்டோம் என்ற நினைப்பில், அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் சொல்கிறார். "சாய் ஊத்து சைராகுல். பாதி போதும். நான் எங்கயும் போகலை."

அந்தத் துண்டை மூன்று இடத்தில் பத்திரப்படுத்தினேன். டிஸ்கைத் திரும்பக் கொண்டுபோய்ச் செருகினேன். ஒரு சதவீதம், இரண்டு சதவீதம். ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிண்ணத்தைக் கழுவி, பாதி ஊற்றி, எதிரே வைத்தேன். குடிக்க ஆளில்லை. தெரிந்துதான் வைத்தேன்.