ஒரு மூக்கும் இரண்டு கன்னங்களும்

என் முகத்தில் நெற்றியும் மூக்கும் ஒரு கட்சி, கன்னங்கள் இரண்டும் எதிர்க்கட்சி. காலை எட்டு மணிக்குக் கழுவித் துடைத்தால் பத்து மணிக்கு மூக்கின் மேல் எண்ணெய் மினுமினுக்கும். அதே பத்து மணிக்குக் கன்னம் பழைய சுவர் மாதிரி உரியத் தொடங்கும். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "கதவுக் கீல் கிறீச்சுன்னு கத்தினா உன் மூக்கைக் கொண்டுவந்து ஒரு தேய் தேய்ச்சாப் போதும்" என்பார். கல்யாணமான புதிதில் சிரித்தேன். இப்போதெல்லாம் முறைக்கிறேன்.

வேறு வேலை பார்த்திருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். டாக்டர் கையை நீட்டும்போது கத்தரியோ இடுக்கியோ ஊசியோ, அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் அந்தக் கையில் இருக்க வேண்டும். பதினெட்டு வருடமாக அப்படித்தான் இருந்திருக்கிறது. ஆனால் கழுவிக் கையுறை மாட்டிவிட்டால் என் கை என் சொந்தக் கை இல்லை. இடுப்புக்குக் கீழே போகக் கூடாது, தோளுக்கு மேலே போகக் கூடாது. மூக்கு அரித்தால் அரித்துவிட்டுப் போகட்டும். மூக்குக்கண்ணாடி சறுக்கினால் மட்டும், வெளியே சுற்றி நின்று சாமான் எடுத்துத் தரும் நர்ஸைக் கூப்பிட்டு, "கொஞ்சம் ஏத்தி விடும்மா" என்று கெஞ்ச வேண்டும்.

அன்றைக்கு ஒரு வயிற்று ஆபரேஷன். சாமான் எடுத்துத் தரும் நர்ஸ் இரண்டு தடவை கண்ணாடியை ஏற்றிவிட்டாள். மூன்றாவது தடவை நான் கூப்பிடும்போது அவள் அலமாரிக்குள் தலையை விட்டு நூல் தேடிக்கொண்டிருந்தாள். கண்ணாடி மூக்கின் நுனி வரை வந்து, கொஞ்சம் யோசித்து, நேராக என் கருவி மேஜையில் போய் விழுந்தது. கிருமி நீக்கிய மேஜை அது. இனி அதில் இருக்கும் ஒரு கத்தரியைக்கூடத் தொடக் கூடாது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக மேஜை போட்டு முடிக்கப் பதினான்கு நிமிடம் ஆனது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பதினான்கு நிமிடமும் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல் போட்டு முடித்ததும் சொன்னார். மயக்க மருந்து டாக்டர், இரண்டு உதவி டாக்டர்கள், மூன்று நர்ஸுகள், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் எல்லோரும் நிற்கும்போது சொன்னார்.

"சிஸ்டர், அந்த முதுகெலும்புக் கேஸுக்கு நீங்க வேண்டாம். ஒன்பது மணி நேரம் நிக்கணும். மூக்குல கண்ணாடி நிக்காதவங்களை வச்சுக்கிட்டு என்னால பண்ண முடியாது."

எனக்கு மாஸ்குக்குள் முகம் பற்றி எரிந்தது. அந்தக் கேஸ் எங்கள் ஆஸ்பத்திரிக்கே முதல் தடவை. இருபத்தாறு வயதுப் பெண், முதுகெலும்பை ஒட்டிக் கட்டி. மூன்று மாதமாக நான்தான் கருவிப் பட்டியல் போட்டேன். நூற்று ஏழு கருவி, எது எதற்குப் பக்கத்தில், எது எந்த நேரத்தில் வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இத்தனையும் செய்துவிட்டு, என் இடத்தில் இன்னொருத்தி நிற்பதை நான் வாசலில் நின்று பார்க்க வேண்டுமாம்.

தியேட்டர் பொறுப்பு சிஸ்டருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கடிகாரம். பேசும்போதுகூடச் சுவரைத்தான் பார்ப்பாள். அவளிடம் போய் நின்றேன்.

"இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு" என்றாள் சுவரைப் பார்த்து. "கடைசி வாரம் உனக்கு ஏழு கேஸ் போடறேன். ஏழுலயும் ஒருத்தரும் உன் கண்ணாடியைத் தொடக் கூடாது. அப்படி நடந்தா டாக்டர்கிட்ட நான் பேசறேன். ஒரு தடவை தொட்டாலும் உன் இடத்துல நம்ம நெட்டைக்காரியைப் போட்டுடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லாதே."

கான்டாக்ட் லென்ஸ் ஏற்கெனவே போட்டுப் பார்த்தாயிற்று. தியேட்டர் குளிரில் கண் மணல் கொட்டின மாதிரி ஆகிவிடும். கண்ணாடிக்குப் பின்னால் வார் கட்டினால் இரண்டு மணி நேரத்தில் காதோரம் தலைவலி பிடிக்கும். பிளாஸ்திரி மூக்கு எண்ணெயில் ஒட்டாது. கன்னத்தில் ஒட்டும், எடுக்கும்போது தோலோடு வரும். மிச்சம் இருப்பது முகம்தான். அன்று சாயங்காலமே மருந்துக்கடைக்குப் போனேன்.

முகப்பூச்சு அலமாரிப் பக்கம் நின்ற கடைக்காரப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"முகத்துக்குப் போடற மாதிரி ஏதாவது. மூக்குல வழுக்கக் கூடாது. கன்னம் உரியக் கூடாது. எங்க வேலைக்கு வாசனை ஆகாது. ஒன்பது மணி நேரம் தாங்கணும்."

"துணியும் துவைச்சுக் குடுக்கணுமா?" என்றாள்.

எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. விளக்குக்குக் கீழே என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காம்பினேஷன் ஸ்கின். நடுவுல எண்ணெய், ஓரத்துல வறட்சி. பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். ஆனா உங்களுக்குக் கொஞ்சம் ஓவரா இருக்கே. முகத்தை எதால கழுவறீங்க?"

இந்த இடத்தில் நான் நெஞ்சை நிமிர்த்தினேன். தியேட்டரில் கை கழுவும் அதே மருந்துத் திரவம், காலையும் மாலையும், கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம், மூக்கோரத்துக்குப் பிரஷ் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் கையில் இருந்த டியூபைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அது ஆபரேஷனுக்குக் கை கழுவறது."

"ஆமா. எங்களுக்குச் சுத்தம் முக்கியம்."

"உங்க முகத்துல யாரும் ஆபரேஷன் பண்ணலையே!"

பக்கத்தில் இருமல் மருந்து வாங்க நின்றவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. பயிற்சிக்கு வரும் பெண்களுக்குத் தோலைப் பற்றி வருடா வருடம் வகுப்பு எடுக்கிறவள் நான். என் தோலைப் பாத்திரம் விளக்குகிற மாதிரி விளக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"இருக்கற ஈரத்தை எல்லாம் நீங்களே பிடுங்கிடறீங்க" என்றாள் அவள். "கன்னம் தாங்க முடியாம உரியுது. மூக்கு வழுக்குதேன்னு பயந்து கன்னத்துக்கும் ஒண்ணும் போடறதில்ல. சரிதானே?"

சரிதான். சாதுவான ஃபேஸ் வாஷ் ஒன்றைக் கொடுத்து, நான்கு நாள் அதை மட்டும் போடச் சொன்னாள். பிறகு முயன்று பார்க்க, சாம்பிள் பாக்கெட்டில் ஒரு ஜெல்லும், மெல்லிசான லோஷன் ஒன்றும் கொடுத்தாள். வீட்டில் என் நாத்தனார் அன்பளிப்பாகத் தந்த விலை உயர்ந்த கிரீம் ஜாடி ஒன்றும் மூடி திறக்காமல் கிடந்தது. ஆக, போட்டியில் மூன்று பேர்.

நான்கு நாளில் கன்னத்தின் எரிச்சல் அடங்கியது. ஐந்தாம் நாள் வீட்டில் சோதனையை ஆரம்பித்தேன். தொப்பி, மாஸ்க், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு, இஸ்திரி மேஜை முன்னால் தலை குனிந்து நின்று மூன்று மணி நேரம் துணி தேய்ப்பது. கை தோளுக்கு மேல் போகாது. தியேட்டர் குளிர் இல்லைதான், ஆனால் இஸ்திரிச் சூட்டில் நிற்கிற கண்ணாடி எங்கேயும் நிற்கும். என் கணவர் லிஃப்ட் கதவு இடைவெளி அளக்கும் சின்ன இரும்பு ஸ்கேலை எடுத்து வந்தார். மூக்கில் பேனாவால் ஒரு கோடு போட்டு, கண்ணாடி அதிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று குறிப்பதாக ஏற்பாடு.

முதலில் நாத்தனார் ஜாடி. வெண்ணெய் மாதிரி கனம், வாசனை எதிர்வீடு வரை. எட்டாவது நிமிடத்திலேயே கண்ணாடி பத்து மில்லிமீட்டர் கீழே.

"கேபிள் அறுந்த லிஃப்ட்" என்று எழுதிக்கொண்டார் கணவர். "எங்க அக்காகிட்ட சொல்லிடாதே."

அடுத்த நாள் ஜெல். போட்டதும் மூக்கு காய்ந்து போனது. இரண்டு மணி நேரம் கண்ணாடி அசையவில்லை. ஆனால் மாஸ்குக்குள் கன்னம் சுரீர் சுரீர் என்றது. மோந்து பார்த்தேன், ஊசி போடும் முன் தேய்க்கும் ஸ்பிரிட் வாடை. அந்த வாடையில் பதினெட்டு வருடம் குடியிருந்தவளை யார் ஏமாற்ற முடியும்? தூக்கிப் போட்டேன்.

மூன்றாவது நாள் லோஷன். வாசனையே இல்லை, தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கெட்டி. முகம் முழுக்கத் தாராளமாகத் தடவி உடனே மாஸ்க் மாட்டி நின்றேன். கன்னம் குளிர்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்பதாவது நிமிடம் கணவர் ஸ்கேலோடு குனிந்து, "ஏழு" என்றார். ஒரு மணி நேரத்தில், "பதினொண்ணு. தரைத்தளம் வந்தாச்சு."

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலையில் ஏழு கேஸில் முதல் கேஸ். "விட்டுடேன்" என்றார் அவர், கேலி இல்லாமல். "ஒரு கேஸ்தானே." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அது ஒரு கேஸ் இல்லை என்று அவரிடம் கத்திவிட்டு, அப்புறம்தான் யோசித்தேன்.

ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் தோலில் மருந்து தடவுவோம். தடவியதும் யாரும் கத்தியை வைப்பதில்லை. காயும் வரை காத்திருப்போம். அவசரப்படுகிற உதவி டாக்டரின் கையை நானே தட்டியிருக்கிறேன். என் முகத்துக்கு மட்டும் ஏன் அந்த மரியாதையைக் கொடுக்கவில்லை? அதோடு, வறண்ட கன்னத்துக்கும் வழியும் மூக்குக்கும் ஒரே அளவு எதற்கு?

எழுந்து முகம் கழுவினேன். ஒரு பட்டாணி அளவு எடுத்தேன். முக்கால்வாசி கன்னங்களுக்கு, மிச்சம் நெற்றிக்கு. விரல் நுனியில் ஒட்டியிருந்த ஈரத்தால் மூக்கை ஒரு தொடு தொட்டேன், அவ்வளவுதான். பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். பிறகு மாஸ்க், கண்ணாடி, இஸ்திரி. வீட்டில் கசங்கின துணி தீர்ந்து போய்த் திரைச்சீலையை அவிழ்த்துத் தேய்த்தேன். மூன்று மணி நேரம் கழித்துக் கணவர் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு மில்லிமீட்டர்" என்றார். "எங்க கம்பெனி லிஃப்ட்கூட இவ்வளவு சரியா நிக்காது."

மறுநாள் முதல் கேஸில் யாரும் என் கண்ணாடியைத் தொடவில்லை. இரண்டாவதிலும் இல்லை. ஏழாவது முடிந்தபோது கடிகாரம் முதல் முறையாகச் சுவரை விட்டுவிட்டு என் மூக்கைப் பார்த்தாள். போர்டில் நெட்டைக்காரியின் பெயரை அழித்து என் பெயரை எழுதினாள். டாக்டரிடம் என்ன பேசினாளோ தெரியாது. வியாழக்கிழமை காலை, முதுகெலும்புக் கேஸுக்கு நான் தயாராக நின்றபோது, அவர் என்னைப் பார்த்து, "ம்" என்றார். அந்த 'ம்'மில் நம்பிக்கை அரைக்கரண்டிகூட இல்லை.

இரண்டு மணி நேரம் போனது, நான்கு போனது. அவர் கை நீளும், கருவி அங்கே இருக்கும். ஏழாவது மணி நேரத்தில் ஊசிகளை எண்ணினேன். பதினாறு இருக்க வேண்டும். பதினைந்துதான் இருந்தது. இமை முடி கனத்துக்கு ஒரு வளைந்த ஊசி. அது நோயாளிக்குள் இல்லை என்று தெரியும் வரை மேலே போக முடியாது.

"ஒரு ஊசி குறையுது டாக்டர்" என்றேன்.

எல்லாம் நின்றது. "எக்ஸ்ரே மெஷினைக் கொண்டு வாங்க" என்றார் அவர், குரல் வறண்டு. மெஷின் வந்து, படம் எடுத்து, பார்த்து முடிய எவ்வளவு நேரம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் முதுகு திறந்து படுத்திருக்கிறாள்.

நான் குனிந்தேன். முகம் தரைக்கு நேராக வரும் அளவுக்குக் குனிந்தேன். பதினைந்து நாளுக்கு முன்னால் இப்படிக் குனிந்திருந்தால் கண்ணாடி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். இப்போது நின்றது. துணியின் ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தேன். பஞ்சு ஒவ்வொன்றையும் பார்த்தேன். உதவி டாக்டரின் கையுறை மணிக்கட்டில் சுருண்டிருந்த விளிம்பில் ஒரு மினுக்கம் தெரிந்தது.

"கையை அசைக்காதீங்க" என்றேன். இடுக்கியால் எடுத்து விளக்குக்கு நேரே காட்டினேன். "பதினாறு."

யாரோ மூச்சு விட்டது கேட்டது. எக்ஸ்ரே மெஷின் வாசலோடு திரும்பிப் போனது. ஒன்பது மணி நேரம் இருபது நிமிடத்தில் தையல் போட்டு முடித்தோம். மயக்கம் தெளிந்ததும் அந்தப் பெண்ணைக் கால் விரலை ஆட்டச் சொன்னார் டாக்டர். பத்து விரலையும் ஆட்டினாள். மாஸ்குக்குள் எனக்குக் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கத் தெம்பு இல்லை, துடைக்கத் தோன்றவும் இல்லை.

கையுறையைக் கழற்றும்போது டாக்டர் என் பக்கத்தில் வந்தார்.

"அடுத்த மாசம் இதே மாதிரி இன்னொரு கேஸ் இருக்கு சிஸ்டர். பத்து மணி நேரம்கூட ஆகலாம். வருவீங்களா?"

பதினெட்டு வருடத்தில் அவர் 'வாங்க' என்றுதான் சொல்லியிருக்கிறார். 'வருவீங்களா' என்று கேட்டதில்லை.

"வரேன் டாக்டர்" என்றேன். "ஆனா நான்தான்னு இப்பவே எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க. வேண்டாம்னு சொன்னதும் எல்லார் முன்னாடிதானே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடி வழியாக நேராக அவரைப் பார்த்தேன். அவர் திரும்பி, தியேட்டரில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மயக்க மருந்து டாக்டருக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, இன்னொரு தடவை சொல்ல வைத்தேன்.