கொட்டகைக்காரரின் வயதுகள்

சீலா அப்பாவின் முதுகை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மேசையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, முன்னால் குனிந்தபடி கதிரையில் இருந்தார் ஹெக்டர். படுக்க ஏலாமல் போய் மூன்று மாதம். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. ஐம்பத்து மூன்று வயது முதுகு அது. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எண்பது என்பார்கள்.

"லெஸ்லிக்கு எழுதிட்டியா?"

"இன்னும் முடியேல்லை அப்பா. கதைக்காதேங்கோ."

லெஸ்லி அப்பாவின் தம்பி. துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனி கப்பல் திருத்தும் கொட்டகை வைத்திருந்த காலத்தில் அண்ணனும் தம்பியும் அங்கேதான் வேலை செய்தார்கள். கொதிகலன் குழாய்களில் பழைய கல்நாரை, அஸ்பெஸ்டோஸை, உரித்தெடுத்துப் புதிதாகச் சுற்றுகிற வேலை. ஐம்பத்தேழாம் ஆண்டு கம்பனி கொட்டகையைப் பூட்டிக்கொண்டு போனபோது லெஸ்லியும் கப்பலேறி, இங்கிலாந்தில் அதே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மூன்று வாரத்துக்கு முன் அவரிடமிருந்து வந்த கடிதம் வழக்கமான கடிதமாக இருக்கவில்லை.

கல்நார் வேலை செய்தவர்கள் எந்த வயதில் சாகிறார்கள் என்று அங்கே ஒரு டொக்டர் விசாரிக்கிறாராம். முந்தி அங்கேயும் ஐம்பதைச் சுற்றித்தான் போனார்களாம். பிறகு முகமூடி வந்தது. தண்ணீர் தெளித்து உரிக்கச் சொன்னார்கள். வருடத்துக்கொருக்கால் நெஞ்சை எக்ஸ்ரே படம் பிடித்து, பழுது கண்டவர்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இப்போது அறுபத்தைந்தைத் தாண்டுகிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். 'எங்கட கொட்டகை ஆக்களின் வயதுகளையும் எழுதி அனுப்புங்கோ, இரண்டு நாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம்' என்று லெஸ்லி எழுதியிருந்தார்.

கடிதம் வந்த கிழமையே ஹெக்டர் மூச்சு விட்டு விட்டுப் பெயர்களைச் சொல்லியிருந்தார். லெஸ்லியை விட்டால், தன்னோடு சேர்த்துப் பத்துப் பேர். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வரும் வழியில் சீலா வீடு வீடாகப் போய்க் கேட்டாள். நாற்பத்தெட்டு. ஐம்பத்தொன்று. நாற்பத்தாறு. எட்டுப் பேர் போய்விட்டார்கள். அதில் மூத்தவருக்கு ஐம்பத்தாறு. எல்லா வீட்டிலும் ஒரே மறுமொழிதான்: முட்டு வருத்தம், இழுத்து இழுத்துக் கிடந்து போனவர்.

"அந்தக் கடிதத்தில கடைசிப் பந்தியை நீ எனக்கு வாசிச்சுக் காட்டேல்லை" என்றார் ஹெக்டர்.

சீலாவின் கை நின்றது. குசினியில் அம்மா தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

"நீ பள்ளிக்கூடம் போன நேரம் எடுத்து வாசிச்சனான்."

அந்த உடுப்புகளைத் தோய்த்த பெண்களுக்கும் அங்கே இந்த வருத்தம் வருகிறதாம். மச்சாளையும் ஒருக்கால் நெஞ்சுப் படம் பிடித்துப் பாருங்கள் என்று அம்மாவைப் பற்றி எழுதியிருந்தது அந்தப் பந்தியில்.

சீலாவுக்கு ஏழு வயது ஆகும்வரை அப்பா வெள்ளையாகத்தான் வீட்டுக்கு வருவார். புருவம், தலைமயிர், சட்டை மடிப்பு எல்லாம் வெள்ளை. அம்மா இன்பமலர் கிணற்றடியில் நின்று சட்டையை உதறுவாள். வெயிலில் மினுங்கிப் பறக்கும் தூளைப் பிடிக்கவென்று சீலா கையை நீட்டிக்கொண்டு ஓடுவாள்.

"நான்தானே கொண்டு வந்தனான்" என்றார் ஹெக்டர். மூச்சு திரும்பி வருவதற்கு வெகுநேரம் பிடித்தது. "கொம்மாட்டச் சொல்லாதே. ஆனா படம் பிடிக்காம விட்டிடாதே."

"ரெண்டையும் எப்பிடிச் செய்யிறது அப்பா?"

அவர் துடைக்கும்படி தோளை மட்டும் சற்று அசைத்தார்.

பத்து மணிக்கு அம்மா கஞ்சிக் கோப்பையோடு வந்தபோது அவருடைய நெற்றி மேசையில் பட்டிருந்தது. "நித்திரை போல" என்று சொல்லிவிட்டு, சத்தம் எழாமல் கோப்பையை வைத்தாள் அம்மா. சீலா முதுகில் கையை வைத்துப் பார்த்தாள். தோள்கள் ஏறவில்லை.

பின்னேரம் மரணப் பதிவுகாரரிடம் சீலாதான் போனாள். வயதானவர்; அப்பாவைத் தெரிந்தவர்.

"காரணம்?"

"கல்நார்த் தூசு எண்டு எழுதுங்கோ."

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "டொக்டரின்ர துண்டில என்ன இருக்குப் பிள்ளை?"

"ஆஸ்துமா."

"அப்ப அதைத்தான் எழுதலாம்."

"இங்கிலாந்தில இதுக்கு ஒரு பேர் இருக்கு ஐயா."

"இருக்கும்" என்றார் அவர், தயவாகவே. "இங்க நான் எழுதினா, பிழை எண்டு திருப்பி அனுப்புவினம்." எழுதி முடித்து, மை காயும்வரை தாளை ஊதினார்.

அடுத்த நாள் அடக்கம். பத்துப் பேரில் மிஞ்சியிருந்த முத்தலிப் கிண்ணியாவிலிருந்து படகில் துறை கடந்து வந்து, மாதா கோயில் வாசலுக்கு வெளியே வேப்பமர நிழலில் தனியாக நின்றார். சீலாவைக் கண்டதும் கிட்ட வந்தார்.

"லெஸ்லிக்கு அனுப்புற தாளில ஹெக்டருக்கு எத்தினை போட்டீங்க மகள்?"

"ஐம்பத்து மூண்டு, நானா."

"அங்க உள்ள ஆக்களுக்கு?"

"அறுபத்தஞ்சு. அதுக்கு மேலயும் இருக்கினமாம்."

முத்தலிப் தலையை மெல்ல ஆட்டினார். "ஒரே சாமான்தான் மகள். அங்கயிருந்து வந்த சாக்கைத்தான் நாங்க இங்க பிரிச்சம்." பிறகு, "எனக்கு வாற மாசம் ஐம்பத்தஞ்சு" என்று சொல்லி, வந்த இருமலைச் சால்வைக்குள் அடக்கிக்கொண்டார்.

மண் போட்டு முடித்து எல்லோரும் கலைந்த பிறகு, தாயும் மகளும் மேட்டுத் தெருவால் வீட்டுக்கு நடந்தார்கள். கடற்காற்று நின்றுபோய் வெக்கையாக இருந்தது.

"அம்மா, வாற கிழமை எனக்கு நெஞ்சுப் படம் பிடிக்க வேணுமாம். பள்ளிக்கூடத்தில கேக்கினம்" என்றாள் சீலா. வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்த பொய். "நீங்களும் வாங்கோ. ரெண்டு பேருக்குமாப் பிடிச்சிட்டு வருவம்."

"எனக்கென்னத்துக்கு?"

"எனக்குத் துணையா இருக்கட்டும்."

அம்மா இன்னும் பத்தடி ஏறினாள். பிறகு நின்று, பக்கத்து மதிலைப் பிடித்துக்கொண்டு துறைமுகப் பக்கம் திரும்பினாள்.

"என்னம்மா?"

"ஒண்டுமில்லை." அவளுடைய வாய் சற்றுத் திறந்திருந்தது; தோள்கள் ஏறி இறங்கின. "கப்பலைப் பாக்கிறன்."

துறைமுகத்தில் அன்றைக்கு ஒரு கப்பலும் நிற்கவில்லை. சீலா அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்று, தானும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.